புதிய நர்சுக்குப் பக்கத்தில் நிற்பது யார்?

கேள்வி கேட்டவர் தமிழ்நாட்டில் ஒரு மாவட்ட அரசு மருத்துவமனையில் செவிலியர் கண்காணிப்பாளர். “புதிதாக வருகிற பிள்ளைகள் ஒன்றிரண்டு வருடத்தில் வெளிநாட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். இருப்பவர்கள் தலையில் அந்த வேலையும் விழுகிறது. இங்கிலாந்தின் அரசு சுகாதார அமைப்பான என்.எச்.எஸ். இவ்வளவு பேரை எப்படிச் சேர்க்கிறது, எப்படி நிறுத்தி வைத்துக்கொள்கிறது, பயிற்சி எப்படி நடக்கிறது? நாங்கள் எடுத்துக்கொள்ள அதில் ஏதாவது உண்டா?” இதுதான் கேள்வி.

நான் மதுரையில் படித்து, 2003இல் இங்கிலாந்துக்கு வந்தவள். வார்டில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது புதிதாகச் சேர்கிறவர்களுக்கு வார்டிலேயே கற்றுக்கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். அதனால் என் பதில் வார்டிலிருந்து பார்த்த பதிலாக இருக்கும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். என்.எச்.எஸ்.இல் ஆள் குவிந்து கிடக்கிறது என்று நம் ஊரில் ஒரு எண்ணம் இருக்கிறது. அது சரியில்லை. 2022 கோடையில் இங்கிலாந்தில் மட்டும் ஏறக்குறைய 47,000 செவிலியர் இடங்கள் காலியாக இருந்தன. பத்து இடத்துக்கு ஒன்று என்பதற்கும் மேலான கணக்கு அது. அதே வருடம் டிசம்பர் 15, 20 தேதிகளில் ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங் என்ற செவிலியர் சங்கம் தன் 106 வருட வரலாற்றில் முதல் தடவையாக இங்கிலாந்தில் வேலைநிறுத்தம் செய்தது. ஆகவே இங்கே எல்லாம் சரியாக நடக்கிறது, அதைப் பார்த்து நீங்கள் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. இவர்கள் எங்கே தவறினார்கள், எதைத் திருத்தியபோது ஆட்கள் நின்றார்கள் என்பதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது.

இத்தனை வருடத்தில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். ஆள் சேர்ப்பு, தக்கவைப்பு, பயிற்சி என்று அலுவலகத்தில் மூன்று கோப்புகளாக இருப்பவை வார்டில் ஒரே ஆளிடம் வந்து நிற்கின்றன. புதிய நர்சுக்குப் பக்கத்தில் நிற்கும் அனுபவசாலிதான் அந்த ஆள். அவருக்கு நேரம் கொடுத்தால் மூன்றும் நடக்கும். கொடுக்காவிட்டால் எத்தனை பேரைச் சேர்த்தாலும் போய்க்கொண்டேதான் இருப்பார்கள்.

சரி, ஆள் சேர்ப்பிலிருந்து தொடங்குகிறேன்.

என்.எச்.எஸ். 1948 ஜூலை 5ஆம் தேதி தொடங்கியது. தொடங்கிய நாளிலிருந்தே அதற்கு ஆள் பற்றாக்குறைதான். அப்போதே கரீபியன் தீவுகளிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் பெண்களை வரவழைத்தார்கள். பிறகு பிலிப்பைன்ஸ், இந்தியா, நைஜீரியா, கானா, ஜிம்பாப்வே. வெளியிலிருந்து ஆள் எடுப்பது இங்கே ஏதோ அவசரத்துக்குச் செய்த ஏற்பாடு அல்ல, 75 வருடப் பழக்கம். சொந்த ஊரில் ஒரு செவிலியரை உருவாக்க மூன்று வருடப் படிப்பும், அதற்கு முன்னால் திட்டமிடலும் வேண்டும். படித்து முடித்தவரைக் கொண்டுவரச் சில மாதங்கள் போதும். தேர்தல் பார்த்து நடக்கும் அரசுக்கு இரண்டாவது வழிதான் எப்போதும் எளிது.

இதில் இவர்கள் செய்த பெரிய தவறு 2017இல் நடந்தது. அதுவரை இங்கிலாந்தில் செவிலியர் படிப்புக்குக் கட்டணம் இல்லை, மாத உதவித்தொகையும் உண்டு. அந்த வருடம் ஆகஸ்ட் முதல் சேர்பவர்களுக்கு அதை நிறுத்திவிட்டு, மற்றப் பட்டப்படிப்புகளைப் போலக் கடன் வாங்கிப் படிக்கச் சொன்னார்கள். வருடத்துக்கு 9,250 பவுண்டு கட்டணம். இனி அரசுப் பணத்துக்குக் காத்திருக்காமல் பல்கலைக்கழகங்கள் இஷ்டத்துக்கு இடங்களைக் கூட்டும், ஆள் பெருகும் என்பது இதற்குச் சொன்ன நியாயம். நடந்தது வேறு. 2017 ஜனவரி வரை வந்த விண்ணப்பங்களைப் பார்த்தால், இங்கிலாந்திலிருந்து விண்ணப்பித்தவர்கள் முந்தைய வருடத்தைவிட 23 சதவீதம் குறைந்திருந்தார்கள்.

யார் குறைந்தார்கள் என்பதுதான் எனக்கு வலித்தது. முப்பது வயதைத் தாண்டியவர்கள், பிள்ளைகள் உள்ளவர்கள், முதியோர் இல்லத்தில் உதவியாளராக இருந்துகொண்டு நர்ஸ் ஆக ஆசைப்பட்டவர்கள். கடன் என்றதும் பின்வாங்கியவர்கள் இவர்கள்தான். வேறு ஊருக்குப் போகாமல் அதே ஊரில் இருபது வருடம் நிற்கக்கூடியவர்களும் இவர்கள்தான். பக்கத்திலிருக்கும் ஸ்காட்லாந்து உதவித்தொகையை நிறுத்தவில்லை, பிறகு அதை வருடத்துக்கு 10,000 பவுண்டாக உயர்த்தியது. வேல்ஸும் விடவில்லை. படித்து முடித்ததும் இரண்டு வருடம் வேல்ஸில் வேலை செய்கிறேன் என்று ஒப்புக்கொண்டால் கட்டணம் கிடையாது. மூன்று வருடம் போன பிறகு இங்கிலாந்தும் 2020 செப்டம்பர் முதல் வருடத்துக்குக் குறைந்தது 5,000 பவுண்டு திருப்பித் தர வேண்டாத உதவித்தொகையாகக் கொடுக்க ஆரம்பித்தது. கட்டணத்தை மட்டும் நீக்கவில்லை.

2019 தேர்தலில் இன்னொன்று நடந்தது. கூடுதலாக 50,000 செவிலியர்கள் என்று ஆளும் கட்சி வாக்குறுதி கொடுத்தது. கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது, அதில் 18,500 பேர் ஏற்கனவே வேலையில் இருப்பவர்கள், அவர்கள் போய்விடாமல் பார்த்துக்கொள்வதையும் கூட்டலில் சேர்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. ஊரே கேலி செய்தது. எனக்கு அப்போதும் இப்போதும் ஒரே எண்ணம்தான். அந்த வாக்குறுதியிலேயே உருப்படியான பகுதி அந்த 18,500தான். பத்து வருட அனுபவமுள்ள ஒருவர் போகாமல் நின்றால், அவர் ஒரு இடத்தை மட்டும் நிரப்பவில்லை. அடுத்து வரும் நாலு பேருக்குக் கற்றுக்கொடுக்கும் ஆளும் நின்றுவிட்டார் என்று அர்த்தம்.

ஆனால் 50,000 என்ற எண்ணை எட்டியது பெரும்பாலும் வெளிநாட்டு ஆட்களால்தான். 2024 மார்ச்சில் பிரிட்டன் முழுவதற்குமான பதிவேட்டில் சுமார் 8,26,000 செவிலியர்களும் மருத்துவச்சிகளும் செவிலிய உதவியாளர்களும் இருந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் வெளிநாட்டில் படித்தவர். அந்த வருடங்களில் புதிதாக வந்து பதிவானவர்களில் இந்தியாவில் படித்தவர்களே அதிகம். கேரளப் பிள்ளைகள் ஏராளம், நம் பிள்ளைகளும் நிறைய. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே இங்கே செவிலியர்களை அனுப்புகிறது. அதனால் உங்கள் வார்டில் இடம் காலியாவதும் இங்கே ஒரு இடம் நிரம்புவதும் பல சமயம் ஒரே பெண்ணின் கதைதான். இதை எழுதும் நானும் அப்படி வந்தவள்தான். அதனால் இதைப் பற்றிப் பேசும்போது எனக்குள் ஒரு கடன்பட்ட உணர்வு இருக்கிறது.

வருபவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்கிறேன், உங்கள் பிள்ளைகள் கேட்பார்கள். ஆங்கிலத்துக்கு ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி. எழுத வேண்டும். பிறகு ஊரிலிருந்தபடியே கணினித் தேர்வு. இங்கே வந்தபின் ஓஸ்கி என்ற செய்முறைத் தேர்வு, மொத்தம் 10 நிலையங்கள், அதாவது 10 தனித்தனிச் சோதனைகள். நோயாளியை மதிப்பிடுவது, பராமரிப்புத் திட்டம் எழுதுவது, மருந்து கொடுப்பது, அடுத்தவரிடம் பொறுப்பை ஒப்படைப்பது என்று நாலு நிலையங்கள் ஒரே நோயாளியைத் தொடர்ந்து போகும். நாலு நிலையங்கள் கைத்திறனுக்கு. மீதி இரண்டில் எழுத வேண்டும். இதற்கான கட்டணம் 794 பவுண்டு. பெரும்பாலும் மருத்துவமனையே கட்டிவிடும்.

ஓஸ்கி பயிற்சி வகுப்பில் நான் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். ஐ.சி.யூ.வில் பத்து வருடம் வேலை பார்த்தவர்கள்கூட முதல் வாரம் தடுமாறுவார்கள். கைத்திறனில் ஒரு குறையும் இருக்காது. ஊசியைத் தொடுவதற்கு முன்னால் நோயாளியிடம் தன் பெயரைச் சொல்லி, “உங்களை எப்படிக் கூப்பிடட்டும்? இதைச் செய்யட்டுமா?” என்று அனுமதி கேட்க மறந்துவிடுவார்கள். நம் ஊர் வார்டில் ஒரு ஆளுக்கு நாற்பது நோயாளி இருக்கும்போது அதற்கெல்லாம் எங்கே நேரம்? பழகியது அப்படித்தான். இதைத் திட்டிச் சொல்லிக்கொடுத்தால் வராது. பக்கத்தில் நின்று இரண்டு தடவை செய்துகாட்டினால் மூன்றாவது தடவை தானாக வந்துவிடும்.

இப்போது பயிற்சி. இங்கே செவிலியர் பட்டப்படிப்பில் 4,600 மணி நேரம், அதில் பாதி, அதாவது 2,300 மணி நேரம், நோயாளிகள் இருக்கும் இடத்தில் கழிய வேண்டும். கல்லூரியில் இடத்தைக் கூட்டுவது ஒரு கையெழுத்தில் முடிகிற காரியம். வார்டில் இடத்தைக் கூட்டுவது அப்படி அல்ல. ஒவ்வொரு மாணவருக்கும் பக்கத்தில் ஒரு செவிலியர் நிற்க வேண்டும். முன்பு ஒரு மாணவருக்கு ஒரு ‘மென்டர்’ என்று இருந்தது. கற்றுக்கொடுப்பதும் அவரே, தேர்ச்சி போடுவதும் அவரே. 2018இல் அதை மாற்றினார்கள். கற்றுக்கொடுப்பவர் ஒருவர், மதிப்பிடுபவர் இன்னொருவர். எனக்கு இந்த மாற்றம் பிடித்தது. தான் கற்றுக்கொடுத்த பிள்ளையைத் தோற்கடிக்க யாருக்கும் மனசு வராது. ஆளைப் பிரித்ததும் மதிப்பீடு நேர்மையானது. ஆனால் கற்றுக்கொடுக்க நேரம் எங்கே என்ற கேள்விக்கு இந்த மாற்றத்திலும் பதில் இல்லை. உருவகப் பயிற்சிக் கூடங்களில் பொம்மை நோயாளிகளை வைத்துச் செய்யும் பயிற்சியை இப்போது 600 மணி நேரம் வரை கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். உதவியாகத்தான் இருக்கிறது. ஆனால் இறந்துபோன ஒருவரின் மகளிடம் என்ன பேசுவது என்பதைப் பொம்மையிடம் கற்க முடியாது.

என் மனதுக்கு நெருக்கமான வழி இன்னொன்று. மருத்துவமனையில் ஏற்கனவே உதவியாளராக இருப்பவரைச் சம்பளத்தோடு படிக்க வைத்துச் செவிலியராக்குவது. இரண்டு வருடம் படித்தால் ‘நர்சிங் அசோசியேட்’ என்று ஒரு படி. 2017இல் சோதனையாகத் தொடங்கி, 2019 முதல் இங்கிலாந்தில் பதிவுபெற்ற பணியாகிவிட்டது. இன்னும் சுமார் இரண்டு வருடம் படித்தால் முழுச் செவிலியர். எங்கள் வார்டில் படுக்கை மாற்றிக்கொண்டும் சாப்பாடு ஊட்டிக்கொண்டும் இருந்த ஒரு அம்மா, பேரன் பிறந்த பிறகு இப்படிப் படிக்க ஆரம்பித்தார். இன்று அவர் செவிலியர். அந்த ஊர் பேருந்து எண்கள் அவருக்கு மனப்பாடம், நோயாளிகளில் பாதிப் பேரின் குடும்பத்தை அவருக்குத் தெரியும். அவர் எங்கே போகப்போகிறார்?

இந்த வழிக்கும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. பெரிய நிறுவனங்கள் கட்டும் பயிற்சி வரியிலிருந்து படிப்புச் செலவுக்குப் பணம் வந்துவிடும். ஆனால் அவர் படிக்கப் போகும் நாட்களில் வார்டில் அவருக்குப் பதிலாக ஆள் போட அந்தப் பணத்தைத் தொட முடியாது. அதனால் சின்ன மருத்துவமனைகள் ஆசை இருந்தும் நிறையப் பேரை அனுப்ப முடியாமல் நிற்கின்றன. திட்டம் போடுகிறவர்கள் வகுப்பறையின் செலவைத்தான் பார்க்கிறார்கள். வகுப்பறைக்குப் போனவரின் காலி இடத்தை யாரும் கணக்கிடுவதில்லை.

அப்புறம், வேலையில் இருப்பவர்களின் மேற்பயிற்சி. இங்கிலாந்தில் இதற்கான மையநிதி 2015–16இல் 20.5 கோடி பவுண்டாக இருந்தது. இரண்டே வருடத்தில் 8.3 கோடிக்கு வந்துவிட்டது. சேமிப்பு என்று நினைத்தார்கள். படிக்கவும் முன்னேறவும் வழியில்லாத இடத்தில் துடிப்பானவர்கள் முதலில் கிளம்புவார்கள் என்பதை நாங்கள் வார்டில் கண்ணெதிரே பார்த்தோம். பிறகு ஒவ்வொரு செவிலியருக்கும் மூன்று வருடத்தில் 1,000 பவுண்டு பயிற்சிக்கு என்று 2019இல் அறிவித்துத் திருத்த வேண்டியிருந்தது.

இனித் தக்கவைப்பு. உங்கள் கேள்வியின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அதனால் இதில் கொஞ்சம் நிற்கிறேன்.

நான் வந்த காலத்தில் ஓஸ்கி கிடையாது. மேற்பார்வையில் சில மாதம் வேலை பார்த்து, இவர் தகுதியானவர் என்று வார்டு மேலாளர் எழுதிக்கொடுத்தால் பதிவு. பதிவு வந்த மூன்றாவது இரவே என்னை 14 நோயாளிகளோடு தனியாக விட்டார்கள். மருத்துவமனையின் பெயர் வேண்டாம். அன்று ஒருவருக்கு ரத்தம் ஏற்ற வேண்டும், இன்னொருவர் கட்டிலிலிருந்து இறங்கி நடந்துகொண்டிருக்கிறார், மூன்றாமவருக்கு மூச்சுத் திணறல். டாக்டரிடம் போனில் பேசினால் என் உச்சரிப்பு அவருக்குப் புரியவில்லை, அவருடையது எனக்குப் புரியவில்லை. பெட்பேன் கழுவும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஊருக்குத் திரும்பிவிட வேண்டும் என்று அன்றைக்கு முடிவே செய்துவிட்டேன்.

பக்கத்து வார்டிலிருந்து ஒரு ஐரிஷ் சிஸ்டர் எதற்கோ வந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. “வா, ரத்தத்தை நீ சரிபார், நான் கூட நிற்கிறேன்” என்றார். இருபது நிமிடம் நின்றார். பிறகு டாக்டரிடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்று நாலு வரி எழுதிக்கொடுத்தார்: நோயாளி யார், என்ன நடந்தது, நான் என்ன பார்த்தேன், எனக்கு என்ன வேண்டும். அந்தக் காகிதம் ரொம்ப நாள் என் சட்டைப்பையில் இருந்தது. நான் இந்த நாட்டில் நின்றதற்கு அந்த இருபது நிமிடம்தான் காரணம். அவர் மனசு நல்லது, அதனால் எனக்குக் கிடைத்தது. அந்த இருபது நிமிடம் எல்லாருக்கும் கிடைக்கும்படி ஏற்பாடு செய்ய வேண்டும். ஒருவருடைய நல்ல மனசை நம்பி அதை விட்டுவிடக் கூடாது.

படிப்பை விட்டுப் பாதியில் போகும் மாணவர்களைப் பற்றி இங்கிலாந்தில் ஒரு பெரிய ஆய்வு நடந்து, 2018இல் அறிக்கை வந்தது. மாணவராக இருந்தவர் செவிலியராக மாறும் அந்தக் காலத்தை அவர்கள் ஆடுகிற பாலம் என்ற பொருளில் ஒரு பெயர் வைத்துச் சொன்னார்கள். சரியான பெயர். நேற்று வரை தவறு செய்தால் திருத்த ஒருவர் இருந்தார், இன்று நீலச் சட்டை போட்டதும் எல்லாம் உன் பொறுப்பு என்கிறார்கள். மனிதர்கள் விழுவது அங்கேதான்.

அதற்கு இவர்கள் கண்ட வழி ‘பிரிசெப்டர்ஷிப்’. புதிதாகச் சேர்பவருக்குப் பெயர் சொல்லி ஒரு அனுபவசாலியை ஒதுக்குவது. இங்கிலாந்துக்கென்று தேசிய வரைமுறை 2022இல் வந்தது. அதில் நான் மிக முக்கியம் என்று நினைப்பது, தொடக்க வாரங்களில் புதியவர் ‘சூப்பர்நியூமரரி’ ஆக இருக்க வேண்டும் என்பது. அதாவது, அன்றைய டூட்டியின் ஆள்கணக்கில் அவர் சேரமாட்டார். வார்டுக்கு ஐந்து பேர் வேண்டும் என்றால் அவரை விட்டுவிட்டு ஐந்து பேர். இது காகிதத்தில் எழுதுவதற்கு எளிது. காலை ஏழு மணிக்கு ஒருவர் உடம்பு சரியில்லை என்று போன் செய்ததும், முதலில் கணக்குக்குள் இழுக்கப்படுபவர் இந்தப் புதியவர்தான். என் வேலையில் பாதி, அந்த நேரத்தில் குறுக்கே நின்று கூடாது என்று சொல்வது. இதற்காக மேலாளர்களோடு சண்டை போட்டிருக்கிறேன், இனியும் போடுவேன்.

ஆள்கணக்கு என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. 2014இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் லிண்டா ஐகன் என்ற ஆய்வாளரின் குழு செய்த ஆய்வு வந்தது. ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் அறுவைச் சிகிச்சை நோயாளிகளைப் பார்த்தார்கள். ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடினாலே, நோயாளி 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. ஆள் குறைவது ஊழியர்களின் கஷ்டம் மட்டும் அல்ல, நோயாளியின் உயிர் என்று காட்டிய ஆய்வு அது. இங்கிலாந்திலேயே மிட் ஸ்டாஃபர்ட்ஷையர் மருத்துவமனையில் நோயாளிகள் சரியான கவனிப்பில்லாமல் தவித்ததை விசாரித்து 2013இல் வந்த பிரான்சிஸ் அறிக்கையிலும் ஆள் குறைப்பின் பங்கு தெளிவாக இருந்தது. வேல்ஸ் 2016இல் செவிலியர் எண்ணிக்கைக்கென்றே சட்டம் கொண்டுவந்தது. ஐரோப்பாவில் முதல் சட்டம் அது. ஸ்காட்லாந்தின் சட்டம் 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்தில் இன்னும் சட்டம் இல்லை. பகலில் ஒரு செவிலியருக்கு 8 நோயாளிகளுக்கு மேல் போனால் ஆபத்து என்ற வழிகாட்டுதல் மட்டும் இருக்கிறது.

சம்பளத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. அது முக்கியமில்லை என்பதால் அல்ல, எல்லாருக்கும் தெரியும் என்பதால். வாடகை கொடுக்க முடியாதவரிடம் பிரிசெப்டர்ஷிப்பைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை.

சம்பளத்துக்கு அடுத்தபடி, போகிறவர்கள் என்னிடம் சொன்ன காரணங்களில் மிக அதிகமாக வந்தது டூட்டி அட்டவணை. அடுத்த வாரம் எந்த நாள் லீவு என்று தெரியாது. பிள்ளையை யார் பள்ளியிலிருந்து கூட்டிவருவது என்று தெரியாது. இரண்டு இரவு முடித்து ஒரு நாள் விட்டு மறுபடி பகல். 2021 செப்டம்பர் முதல் என்.எச்.எஸ்.இல் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே நேரத்தை மாற்றிக் கேட்கும் உரிமை வந்திருக்கிறது. சில வார்டுகளில் அட்டவணையைச் செவிலியர்களே சேர்ந்து போடுகிறார்கள். எங்கள் கட்டடத்தில் ஒரு வார்டு இதைத் தொடங்கியபோது எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்பார்கள் என்று பயந்தோம். அப்படி ஆகவில்லை. கோயிலுக்குப் போகிறவருக்கு வெள்ளி வேண்டும், முஸ்லிம் பெண்ணுக்கு ரமலானில் இரவு டூட்டி வசதி, சின்னப் பிள்ளை உள்ளவருக்குச் சனி ஞாயிறு வேலைதான் வசதி, கணவர் வீட்டில் இருப்பார். ஒவ்வொருவர் வீட்டிலும் கணக்கு வேறு. கேட்டால்தான் தெரியும்.

வயதானவர்களையும் மறக்கக் கூடாது. ஐம்பத்தைந்து வயதில் முழங்கால் வலியோடு பன்னிரண்டு மணி நேரம் நிற்க முடியாமல் ஓய்வுக்குப் போகிறவரிடம் முப்பது வருட அறிவு இருக்கிறது. 2023 அக்டோபர் முதல் ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டே குறைந்த நேரம் வேலை பார்க்க இங்கே வழி வந்திருக்கிறது. இப்படி நிற்பவர்கள் சிலரை நோயாளி சுமை இல்லாமல், புதியவர்களுக்குத் துணையாக மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். தூக்குவது, ஓடுவது இளையவர், பக்கத்தில் நிற்பது மூத்தவர். என்.எச்.எஸ். செய்ததிலேயே செலவு குறைந்ததும் பலன் நிறைந்ததும் இதுதான் என்பேன்.

2023 ஜூன் 30ஆம் தேதி 15 வருடத்துக்கான ஆள்திட்டம் ஒன்றை வெளியிட்டார்கள். 2031–32க்குள் செவிலியர் பயிற்சி இடங்களை 80 சதவீதம் கூட்டுவது, வெளிநாட்டு ஆட்களை நம்பியிருப்பதைக் குறைப்பது, வேலையை விட்டுப் போகிறவர்களின் விகிதத்தை 9.1 சதவீதத்திலிருந்து இறக்குவது. முதல் தடவையாக மூன்றையும் ஒரே தாளில் எழுதினார்கள், அதற்காகவே அதை மதிக்கிறேன். ஆனால் இரண்டே வருடத்தில் மருத்துவமனைகளின் கையில் பணம் இல்லை. 2025 கோடையில் படித்து முடித்த பிள்ளைகளுக்கு இடமில்லை என்ற நிலை வந்து, படித்தவர்களுக்கு வேலை உறுதி என்று அரசு ஆகஸ்டில் தனியாக அறிவிக்க வேண்டியிருந்தது. ஒரு பக்கம் வார்டில் ஆள் போதவில்லை, இன்னொரு பக்கம் படித்தவருக்கு அனுமதிக்கப்பட்ட இடம் இல்லை. இந்த முரண்பாடு உங்களுக்குப் புதிதல்ல.

ஏனென்றால் தமிழ்நாட்டில் 2015இல் தேர்வு வைத்து ஆயிரக்கணக்கில் செவிலியர்களை எடுத்தபோது, மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம், இரண்டு வருடத்தில் காலமுறை ஊதியம் என்றார்கள். காலியிடம் வந்தால்தான் நிரந்தரம் என்று ஆகி, பலர் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டையில் அவர்கள் உட்கார்ந்த போராட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். தொகை 14,000 ஆகி, பிறகு 18,000 ஆனது. ஆனால் நாளைக்கு இந்த வேலை இருக்குமா என்று தெரியாத ஒருவரிடம், மனசைக் கொடுத்துப் புதியவருக்குக் கற்றுக்கொடு என்று எப்படிச் சொல்வீர்கள்? அவரே பாலத்தின் நடுவில்தானே நிற்கிறார். நிரந்தரம் என்பது அரசு செய்ய வேண்டிய வேலை. அதற்கு மாற்று எதுவும் இல்லை, அந்த விஷயத்தில் என்.எச்.எஸ். உங்களைவிட நிச்சயம் மேல்.

அதற்குக் காத்திருக்கும்போது உங்கள் கைக்குள் இருப்பவற்றைச் சொல்கிறேன். புதிதாக வருபவரை முதல் இரண்டு வாரமாவது ஆள்கணக்கில் சேர்க்காதீர்கள். நாலு வாரம் முடிந்தால் நல்லது, ஆனால் உங்கள் நிலைமை எனக்குத் தெரியும். அவருக்கு ஒரு அக்காவை எழுத்தில் ஒதுக்குங்கள், இருவருக்கும் ஒரே டூட்டி போடுங்கள். முதல் மாதம் இரவில் தனியாக விடாதீர்கள். மாணவிகள் வரும் வார்டுகளில், படுக்கை விரிக்கவும் கோப்பு தூக்கவும் அவர்களை வைத்துக்கொள்ளும் வழக்கத்தை நிறுத்துங்கள். நாளைக்கு இங்கேயே வேலைக்கு வரலாமா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்வது அந்த நாட்களில்தான். அட்டவணையை ஒரு மாதம் முன்னால் ஒட்டுங்கள். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும் மூத்தவர்களில் பொறுமையான ஒருவரைத் தேர்ந்தெடுத்து, வாரத்தில் இரண்டு நாள் வார்டு பொறுப்பிலிருந்து விடுவித்து, புதியவர்களோடு சுற்றவிடுங்கள். இதற்குச் சென்னைக்குக் கோப்பு அனுப்ப வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

இன்னொரு பழக்கம், எனக்கு மிகவும் உதவியது. ராஜினாமா கடிதம் வந்த பிறகு ஏன் போகிறாய் என்று கேட்பது வழக்கம். அப்போது எல்லாரும் குடும்பக் காரணம் என்றுதான் சொல்வார்கள். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கடும் தட்டுப்பாடு வந்தபோது அங்கே கேள்வியையே திருப்பிப் போட்டார்கள்: எல்லா இடத்திலும் ஆள் போகும்போது சில மருத்துவமனைகளில் மட்டும் ஏன் நிற்கிறார்கள்? 163 மருத்துவமனைகளைப் பார்த்து, ஆளைக் காந்தம் போல இழுத்து வைத்திருந்த 41ஐக் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது, நிற்பவர்களிடம் கேட்பது. சேர்ந்த மூன்றாவது மாதமும் ஒன்பதாவது மாதமும் ஒவ்வொருவரோடும் அரை மணி நேரம் உட்காருவேன். வார்டுக்கு வெளியே, டீயோடு. மூன்று கேள்விகள்தான். போன வாரம் எப்போது பயந்தாய்? யாரிடம் போய்ச் சொன்னாய்? என்ன மாறினால் இன்னும் ஒரு வருடம் இருப்பாய்?

மூன்றாவது கேள்விக்குப் பெரிய சம்பளம் என்று ஆரம்பிப்பார்கள். கொஞ்சம் காத்திருந்தால் வேறு பதில்கள் வரும். ஒரு மலையாளப் பெண், இரவு டூட்டி முடித்து வரும்போது ஹாஸ்டலில் சுடுதண்ணீர் இருப்பதில்லை என்றாள். பிளம்பரை அனுப்பினோம். ஒரு ஆங்கிலேயப் பையன், தன் பெயரைக் கன்சல்டன்ட் டாக்டர் ஒருவர் ஆறு மாதமாகத் தப்பாகவே சொல்கிறார் என்றான். ஒரு பிலிப்பினோ அண்ணன், தன் ஐ.சி.யூ. அனுபவத்தைப் பற்றி இங்கே இதுவரை ஒருவரும் கேட்கவில்லை என்றார். அவரை அடுத்த வாரமே வென்டிலேட்டர் பயிற்சி எடுக்கச் சொன்னோம். மூன்று பேரும் இன்னும் இருக்கிறார்கள். அந்த அண்ணன்தான் இப்போது எங்கள் வார்டில் புதிதாக வருகிறவர்களுக்குப் பக்கத்தில் நிற்கிறார்.